மெஷினில் மாட்டிய குருணை

போன ஆடியில் நம் அம்மனோடு பேச்சையே நிறுத்திவிடலாம் என்ற அளவுக்கு எனக்கு வெறுத்துப் போயிருந்தது. வெள்ளிதோறும் விளக்குப் பூஜையில் உட்காரும் உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். பாதியை மறைத்து எழுத எனக்கு வராது.

நான் மயக்கவியல் மேற்படிப்பில் இரண்டாம் வருடம். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு, ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே படிக்கும் மூன்று வருடப் படிப்பு. "மயக்க ஊசி போடுறவளா? அப்ப டாக்டர் இல்லியா?" என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கக் கேட்டாகிவிட்டது. விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமா, கம்பவுண்டர்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, மயங்கியிருந்த ஒருவருக்கு மூச்சுக்குழாயில் போக வேண்டிய டியூபை உணவுக்குழாயில் விட்டுவிட்டேன். ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கியது. எங்கள் யூனிட் மேடம் என்னைத் தோளால் தள்ளிவிட்டுத் தானே போட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது. அன்றிலிருந்து டியூப் போடும் கருவியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்கியது. அடுத்த இரண்டு முறையும் என்னால் முடியவில்லை.

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் கேஸ் நீதான் போடறே. அதுவும் ஆகலேன்னா ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன். அப்புறம் என்கிட்ட வந்து அழாதே" என்றார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் முன்னால் போக, நான் மட்டும் பின்தங்கி நிற்பேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் டாக்டர். மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்யும் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அது ஆடி மூன்றாம் வெள்ளி. விடியும்போதே கோயிலில் நின்றேன். "தாயே, இன்னைக்கு மட்டும் எந்தத் தடங்கலும் வரக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம்." அவ்வளவுதான் கேட்டேன். தொன்னையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை நின்றபடியே விழுங்கிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

தியேட்டருக்கு வெளியே முதல் நோயாளி காத்திருந்தார். சரோஜாம்மா, பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதனால் "ஏதாவது சாப்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரியோட சரி" என்றார். ஃபைலில் டிக் அடித்தேன்.

உள்ளே போய் மயக்க மெஷினைச் சோதித்தேன். தினமும் காலையில் செய்வதுதான். அன்றைக்குப் பார்த்து காற்று கசிந்தது. குழாயை மாற்றினேன், கசிந்தது. மறை எல்லாவற்றையும் இறுக்கினேன், அப்போதும் கசிந்தது. டெக்னீஷியன் நாகராஜ் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மேடம், லீக் ஆக்தா இதே" என்றார், கசிகிறதாம். அதுதான் எனக்கே தெரியுமே! சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். "என் கண்ணு முன்னாடி நிக்காதே. போய் பேஷன்ட் கிட்ட உட்காரு."

போய் உட்கார்ந்தேன். மனதுக்குள் அம்மனைக் கிழிகிழியென்று கிழித்தேன். தடங்கல் வேண்டாம் என்ற ஒன்றைத்தானே கேட்டேன்? அதைக்கூடக் காதில் வாங்காமல் அப்படி என்ன வேலை உனக்கு?

என் மூஞ்சியைப் பார்த்துச் சரோஜாம்மாவுக்கே பாவமாகிவிட்டது. "ஏன் கண்ணு இப்படி வாடிப் போயிருக்கே? காலைல சாப்டியா?"

"இல்லம்மா. ஸ்ரீராம்புரத்துல எங்க அம்மன் கோயில்ல கொடுத்த பொங்கல் மட்டும்தான்."

"அட, நானும் அதேதான்! விடிகாலைல என் பொண்ணு அங்கிருந்துதான் கொண்டாந்தா. ஒரே ஒரு தொன்னை. அம்மன் பிரசாதத்தை வேணாம்னு சொல்லலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய் மிதக்கும் பொங்கல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தம்மா பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஒரு தொன்னை நிறையத் தின்றுவிட்டு "இல்லம்மா" என்று நானே சொன்னேனே! மெஷின் ஒழுங்காக இருந்திருந்தால் இந்நேரம் அவரை மயக்கியிருப்பேன், அதுவும் இந்த நடுங்கும் கையால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வாயை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. சொன்னால் கேஸ் நின்றுவிடும், என் கடைசி வாய்ப்பும் போய்விடும். அந்த நொடியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "பட்டினின்னு டிக் போட்டது யாரு?" என்றார். "நான்தான் மேடம்." எக்ஸ்டென்ஷன் என்ற வார்த்தைக்காகத் தலைகுனிந்து நின்றேன். அவர் ஃபைலை மூடினார். "திங்கட்கிழமை. இதே பேஷன்ட். நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குள் நாகராஜ் கசிவைக் கண்டுபிடித்திருந்தார். கரியமில வாயுவை உறிஞ்ச மெஷினில் ஒரு டப்பா நிறைய வெள்ளைக் குருணை போட்டிருப்போம். அதில் ஒன்று, நொய்யரிசி அளவுதான், ரப்பர் வளையத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. அவர் அதை ஊதித் தள்ளினார். கசிவு நின்றது.

நான் மட்டும் அங்கேயே நின்று அழுதேன். கேட்டதைத் தராமல், கேட்கத் தெரியாததைத் தந்திருந்தாள் அம்மன்.

திங்கட்கிழமை சரோஜாம்மா என்னைக் கண்டதும், "அம்மன் மேல சத்தியமா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல" என்று என் கையில் அடித்தார். பயம் எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையே செலவாகிவிட்டதோ என்னவோ, என் விரல் நடுங்கவில்லை. முதல் முறையிலேயே டியூப் சரியாகப் போனது. மேடம் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

இப்போது நான் யாரிடமும் "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. காபி, இளநீர், பிரசாதம், தீர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நர்சுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்களுக்கும் தடங்கல் வரும். வந்தால் அம்மனைத் திட்டுங்கள், அவளுக்கு அது பழக்கம்தான். ஆனால் திட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எனக்கு அவள் பதில் சொன்னது "காலைல சாப்டியா?" என்ற கேள்வியில்தான்.