மூன்றாம் சாட்சியின் கையெழுத்து

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் நேற்று, பதிவுத் திருமணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். பட்டியல் என்றால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் என் கல்யாணத்துக்குச் சேர்த்த பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். பிரித்ததும், புகைப்படம் ஒட்டிய பசையின் வாசனை.

அந்தக் கோப்பைப் பற்றி அன்று எனக்கிருந்த கர்வம் கொஞ்சமல்ல. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழிலாயிற்றே. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் என எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தேன். நான் மணக்கவிருந்த சேவியர் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவர்; நாங்கள் வெள்ளானூர் இந்துக் குடும்பம். யாரும் மதம் மாறாமல் மணக்கச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால், இருவர் பெயரையும் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர் யாரும் எழுதிக் கொடுக்கலாம்.

யாரும் என்றால், என் அம்மாவும்தான். அப்பா போன பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து என்னைப் பொறியியல் படிக்க வைத்தவள். சேவியரைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவள் பேசவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் தினமும் தயாராக இருக்கும். இரண்டாம் வாரம், சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர் ஒரு சேதி சொன்னார்: அம்மா தினமும் ஷிப்டு முடிந்து வந்து பலகையைப் படித்துவிட்டுப் போகிறாளாம். ஆட்சேபணை எழுதிக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். செல்லாத ஆட்சேபணை என்றாலும் விசாரணை முடியும்வரை கல்யாணம் நிற்கும். அவளிடம் கேட்கத் தைரியமில்லை. வீட்டு நாள்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டே வந்து, கல்யாண நாளை மட்டும் வட்டமிட்டேன்.

அன்றுவரை ஆட்சேபணை எதுவும் வரவில்லை. சாட்சிகளாக இரண்டு தோழிகளைக் கூட்டிப் போனேன். எழுத்தர் எண்ணிப் பார்த்துவிட்டு, இதற்கு மூன்று பேர் வேண்டும் என்றார். சாதாரணப் பதிவுக்குத்தான் இரண்டு பேராம். நான் பார்த்துவைத்தது அந்தப் பட்டியல். இனி இன்னொரு நாள்தான் என்று நினைத்தபோது, கம்பெனி நீலக் கோட்டோடு அம்மா உள்ளே வந்தாள். கையில் ஆதார் நகல், இரண்டு போட்டோ.

"மூணு சாட்சின்னு பலகை பக்கத்துலயே எழுதிக்கீது. இஞ்சினீரு, உன் கண்ணுக்கு மட்டும் தெரியலியாடி?"

"நீ ஏம்மா தினம் வந்த?"

"உன் பேர எவனாவது கீச்சிப் போட்டா? அதான் பாத்துகினு கெடந்தேன். கோவம் அப்டியேதான் கீது. அத ஊட்ல வச்சிக்கலாம்."

ஒருவரை ஒருவர் சட்டப்படி ஏற்பதாக நானும் சேவியரும் சொன்னோம். கடைசியாக அம்மா கையெழுத்திட்டாள். பெயரை எழுதி, பக்கத்திலேயே 417 என்று போட்டாள். எழுத்தர் பதறிப்போய் அது என்ன எண் என்றார்.

"கம்பெனில என் டோக்கன் நம்பரு சார். பத்தொம்போது வருசமா கையெழுத்துன்னா இப்டித்தான் வருது."

எழுத்தர் முகம் சுளித்தார். சார்பதிவாளர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை.

அந்த அலுவலகம் இப்போது வேறு கட்டடத்தில். பலகை எங்கே போனதோ. பம்பு கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. வருகைப் பதிவேடுகளெல்லாம் எடைக்குப் போயிருக்கும். 417 இன்று மிச்சமிருப்பது எங்கள் கல்யாணச் சான்றிதழில் மட்டும்தான், அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில்.