மணவறைக் கடையும் எங்கள் ஒரு பக்க ஒப்பந்தமும்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் தோழியும் மலேசியாவின் சிரம்பான் நகரில் ஒரு மணவறை அலங்காரக் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தோம். அதுதான் எங்கள் முதல் வேலை. அந்த ஒரு வேலையைப் பதினொரு முறை செய்தோம்.

அப்போது நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். தோழி ஒரு தனியார் கல்லூரியில் கணினி வகுப்பு எடுத்தாள். கோலா பிலா போகும் சாலையில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். வேலைக்காகச் சிரம்பானின் தெமியாங் பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். அவள் தவணையில் வாங்கிய கணினியும், வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி மேலே இழுத்துக்கொண்ட தொலைபேசிக் கம்பியும் அந்த அறையில் இருந்தன. சனிக்கிழமை மதியம் மோடம் கீச்சிட்டு இணையத்தைப் பிடிக்கும்வரை இருவரும் பேசமாட்டோம். பேசினால் அறுந்துவிடும் என்று ஏனோ நம்பினோம்.

மணவறைக் கடைக்காரர் தம்முடைய இரண்டாவது கடைக்கு வாடகை ஒப்பந்தம் போட எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருக்கும் மனிதர். காத்திருந்த நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, கோலாலம்பூர்லே எல்லாக் கடைக்காரனும் வெப்சைட்டுன்னு ஒண்ணு போடறானாமே. உனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியும் அங்கிள். நானும் என் கூட்டாளியும் செய்வோம்," என்றேன். அதுவரை தோழியின் மாணவர்களுக்காக ஆர்க்கிட் பூக்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம் செய்திருந்தோம்.

"அப்ப செஞ்சி குடு. காசப் பத்திக் கவலப்படாத. நம்ப ஆளுங்கதானே, பாத்துச் செஞ்சிக்கலாம் லா."

சரி என்று சொல்லிவிட்டு, அவருடைய பதினான்கு பக்க வாடகை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து தட்டச்சு செய்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

முதல் பக்கத்தைச் சந்தன நிறத்தில் செய்தோம். கடைக்காரருக்குச் சிவப்பு வேண்டும். சிவப்பில் எழுத்துத் தெரியவில்லை. எழுத்தை மஞ்சளாக்கினோம். அவர் மருமகன் பாட்டு ஒலிக்க வேண்டும் என்றார். மைத்துனி தன் மகள் கல்யாணப் படம்தான் முகப்பில் வர வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு மினுங்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதையும் செய்தோம்.

தமிழ்தான் எங்களை மிகவும் படுத்தியது. எங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த எழுத்துகள் அவர் கடைக் கணினியில் வெறும் கிறுக்கலாக வந்தன. அந்த எழுத்துரு அங்கே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாருடைய கணினியிலும் போய் எழுத்துரு ஏற்ற முடியுமா? அதனால் ஒவ்வொரு தலைப்பையும் படமாக மாற்றி வைத்தோம். நிறம் மாறும்போதெல்லாம் அத்தனை படங்களையும் மறுபடி செய்ய வேண்டும்.

அவர் கெட்டவர் இல்லை. போகும்போதெல்லாம் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் வாங்கிக் கொடுப்பார். "அருமையா இருக்கும்மா" என்பார். அடுத்த வாரம் இன்னொன்று மாற்றச் சொல்வார். மூன்று மாதம் ஓடிவிட்டது. பதினோராவது முறை முகப்பை மாற்றிய சனிக்கிழமை, தோழி கணினியின் சுட்டியைத் தள்ளி வைத்தாள்.

"இவரு நம்பள ஏமாத்தறாருன்னு நீ நெனைக்கிற," என்றாள்.

"இல்லியா பின்ன?"

"இல்லடி. வேல எங்க முடியும்னு நாம சொல்லவே இல்ல. முடியலன்னு அவரு நெனைக்கிறாரு. நாம அவர் மேல கோவப்பட்டு என்னா செய்யறது?"

எனக்குக் காது சூடானது. தினமும் ஊரார் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். எனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம். சட்ட மொழி வேண்டாம், அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் புரிய வேண்டும் என்று தோழி சொன்னாள். ஒரே பக்கம், தமிழில். மொத்தம் ஆறு பக்கங்கள் செய்து தருவோம். படங்களையும் விவரங்களையும் கடைக்காரர் தர வேண்டும். இரண்டு முறை மாற்றலாம், அதற்குமேல் மாற்றினால் தனிக் கூலி. குடும்பத்தில் யார் சொல்வது முடிவு என்று ஒருவரைக் காட்ட வேண்டும். பாதிப் பணம் முன்னால், மீதி வேலை முடிந்ததும்.

மறு சனிக்கிழமை காலை கடைக்குப் போனோம். மணவறைத் தூண்கள், வெல்வெட் திரைகள், தெர்மகோல் அன்னங்களுக்கு நடுவே அவர் மேசை. நான் தாளை நீட்டினேன். முதல் இரண்டு வரி படித்ததுமே முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது? எம் மேல நம்பிக்கை இல்லியா? சொந்தப் புள்ளைங்க மாதிரிதானே பழகுனோம்."

வரும் வழியில் மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு கட்டு ரோஸ் நிறத் தாள்கள் தொங்கின. மணவறை பதிவு செய்கிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தப் பாரம். முன்பணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், மழையில் துணி நனைந்தால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் உண்டு.

"அங்கிள்," என்றேன், "அந்த ரோஸ் பாரத்துல கையெழுத்து வாங்காம நீங்க ஒரு வாழ மரம் கட்டுவீங்களா? உங்க சொந்த மச்சினிச்சி மக கல்யாணத்துக்கே வாங்கியிருப்பீங்க."

அவர் திரும்பி அந்தக் கட்டைப் பார்த்தார்.

"அவகிட்டதான் மொதல்ல வாங்கினேன்," என்றார்.

தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மறுபடி முதலிலிருந்து, விரல் வைத்துப் படித்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாம் சரி. இதுல நான் செய்ய வேண்டியதுதான் இருக்கு. நான் படம் தரணும், நான் பணம் தரணும், நான் ரெண்டு தடவைக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது. நீங்க செய்ய வேண்டியது எங்க? எப்ப முடிப்பீங்கன்னுகூட இல்லியே."

அவர் சொன்னது உண்மை. மூன்று மாதக் கடுப்பில் எழுதிய தாள் அது. எங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வேலி போட்டிருந்தோம், அவர் பக்கம் ஒரு குச்சிகூட நடவில்லை.

"எங்க ரோஸ் பாரத்துல முகூர்த்தத்துக்கு மூணு மணி நேரம் முந்தி மணவறை நிக்கலன்னா நானே கூலியக் கொறைச்சிக்குவேன்னு இருக்கு," என்றார். "இல்லாட்டி எவன் சைன் போடுவான்?"

தோழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவர் அவளிடம் கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் மூவரும் வாதாடினோம். நான்கு வாரத்தில் முடிப்போம். தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு என்று எங்கள் கூலியைக் குறைத்துக்கொள்வோம். தொலைபேசி எண்ணைத் தப்பாகப் போடுவது மாதிரி எங்கள் தவறு எப்போது கண்ணில் பட்டாலும் இலவசமாகத் திருத்துவோம். அவர் இன்னொன்றும் கேட்டார்: "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் ஆகிப் போயிட்டா இந்த வெப்சைட்டுச் சாவி யார்கிட்ட இருக்கும்?" கடவுச்சொல்லைத்தான் சாவி என்றார். வேலை முடிந்த அன்றே உறையிலிட்டு அவரிடம் தந்துவிடுவதாக எழுதினோம். அவர் கடைப் படங்களை வேறு யாருக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று நாங்களாகவே சேர்த்தோம். யார் சொல்வது முடிவு என்ற இடத்தில் அவர் தம் மனைவியைக் காட்டினார். "அவ ஒரு தடவ சொன்னா மாத்த மாட்டா. நான் மாத்துவேன்," என்றார்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து பேருந்து நிலையம்வரை நடந்தோம். எங்கள் கால் தரையில் இல்லை.

மூன்றாவது வாரம் பெரிய இடி மழை. மின்னல் கம்பி வழியே வந்து மோடத்தைத் தின்றுவிட்டது. புதிதாக வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடிக்க ஐந்து வாரம் ஆனது. கடைக்காரர் மீதிப் பணம் முழுவதையும் எடுத்து வைத்தார்.

"மின்னல் அடிச்சா நீங்க என்னா செய்வீங்க. தள்ளுபடி எல்லாம் வேணாம்."

"எழுதியிருக்கு அங்கிள்," என்று தோழி ஒரு வாரத்துக்கு உரியதை எண்ணி மேசையில் வைத்தாள். அந்த நோட்டுகள் எங்களுக்குத் தேவைப்பட்டன. ஆனாலும் அவற்றைத் திருப்பி வைத்தபோது எனக்கு வந்த பெருமிதம், மீதிப் பணத்தை வாங்கியபோது வரவில்லை. கடவுச்சொல் உறையை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

ஆறு வாரம் போல எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்தார். கடைக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது, மனைவி படித்துவிட்டார், ஆனாலும் நாங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றார். வெளிநாட்டில் செவிலியராக வேலை செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் பிறந்தது எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி. கல்யாணத்தை அந்தத் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலேயே வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வலைத்தளத்தில் நாலாம் பக்கத்தில் இருக்கும் மயில் மணவறையை அங்கே போட முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"லாரி போகுமா அந்தச் சாலையில?" என்று அவர் எங்களைத்தான் கேட்டார்.

"போகும் அங்கிள். நாங்க வழி காட்டறோம்."

கல்யாணத்தன்று காலையில் அவர் லாரியின் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து போனோம். ரப்பர் பால் வெட்டி முடித்துக் குளித்துவிட்டு எங்கள் தோட்டத்திலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். என் அம்மாவும் வந்திருந்தார். தகரக் கூரை மண்டபத்தில் அந்த மயில் மணவறை நின்றபோது, சிரம்பானின் பெரிய டேவான் மண்டபங்களில்தான் இதெல்லாம் வைப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண்ணே எங்களைத் தேடி வந்தாள். கையில் மடித்த தாள். நாங்கள் செய்த நாலாம் பக்கம், அச்செடுத்தது.

"இந்தப் பக்கத்த நீங்கதான் செஞ்சீங்களா? அங்க வேல முடிஞ்சி வந்து தெனம் தெறந்து பாப்பேன். படத்துல இருந்த மாதிரியே இருக்கு."

அம்மா அந்தத் தாளை வாங்கி, மணவறையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுதான் ரெண்டு பேரும் சனிக்கெழம சனிக்கெழம செஞ்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். தாளைத் திருப்பித் தர அவருக்கு மனம் இல்லை. மணப்பெண், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களிலிருந்தே எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள், ஒரு வாடகை வேன்காரரும் ஒரு சமையல்காரரும். இருவரிடமும் முதல் நாளே அந்த ஒரு பக்கத்தை நீட்டினோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக வந்தவர் கோலா பிலாவில் மரச்சாமான் கடை வைத்திருந்த சீனர். அவருக்காக அதை மலாய் மொழியில் எழுதினோம். மூன்றாவது வரிக்காக மட்டும் எங்களோடு இரண்டு மணி நேரம் சண்டை போட்டார். இரண்டு மாற்றம் போதாது, மூன்று வேண்டும் என்றார். அப்படியானால் எங்களுக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றோம். சரி என்று சொல்லி, தேநீர் வரவழைத்து, தம் பெயரைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் பேருந்தில், அவரவர் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமா என்று தோழி கேட்டாள். விட்டுவிடுவதென்று நான் அன்று காலையே முடிவு செய்துவிட்டிருந்தேன்.