இன்று நொய்யல்: 214

காலை ஏழே காலுக்குப் பழனிமுத்து நொய்யல் ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து நிறங்களை எண் போட்டு ஒட்டிய ஷேடு கார்டை எடுத்து, தண்ணீருக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். மூக்கை மூடுவதில்லை. "பழகிப்போச்சுங்க" என்கிறார்.

பக்கத்திலுள்ள ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்கு ஷேடு பார்க்கிற வேலை. சாயப்பட்டறை அனுப்பும் சாம்பிள் துணியைக் கார்டில் வைத்துப் பார்த்து, நிறம் சரியாக இருந்தால் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். அதே கண்ணால், பட்டறைகளின் சாயக்கழிவு ஓடும் ஆற்றையும் பார்த்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பனியன் வியாபாரிகள் கூடும் இணையதளம் ஒன்றில் 'சாயக்கண்' என்ற பெயரில் ஒரே வரி எழுதுவார். "இன்று நொய்யல்: 214, மெரூன்." 2006 மார்ச்சிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. தீபாவளி விடுமுறையில் மட்டும் "நிறமில்லை" என்று எழுதினார்.

போன மாதம் அந்தத் தளத்துக்குச் சாயப்பட்டறை விளம்பரங்கள் வந்தன. மறுநாள் இரண்டு வருஷத்து நொய்யலையும் காணோம். இதுவரை வாயே திறக்காத வியாபாரிகளுக்கெல்லாம் ரோஷம் வந்துவிட்டது. ஆளாளுக்கு நிறத்தின் பெயரை மட்டும் எழுதித் தளத்தை நிரப்பினார்கள். தளக்காரர் சும்மா இருந்திருக்கலாம். நிறப்பெயர்கள் அனைத்தையும் தடை செய்தார்.

பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் நாலாயிரம் டி-ஷர்ட் விற்பனைக்கு என்று எழுதினார்.

"என்ன கலருங்க?"

"சொல்லக்கூடாதாமுங்க."

ஐந்தாம் நாள் தளக்காரர் பணிந்தார். அழித்த பதிவுகள் எல்லாம் திரும்பி வந்தன.

பழனிமுத்து கொண்டாடவில்லை. "எங்க மொதலாளியும் அதத்தானுங்க படிக்கறாரு. சாயக்கண் நாந்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருவாரு. ரெண்டு புள்ளைங்க காலேஜு போகுதுங்க."

இன்று காலை நானும் பாலத்தில் நின்றேன். கார்டை மூன்று முறை திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"87ங்க. மயில் நீலம். முந்தாநேத்து நான் ஓகே போட்டது. இந்த ஊர்ல வேற ஒருத்தருக்கும் இந்த ஆர்டர் இல்லீங்க."

"இன்றைக்கு மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்களேன்" என்றேன். எனக்கு அவரை நினைத்துப் பயமாக இருந்தது.

அவர் சைக்கிளை மிதித்துப் பிரவுசிங் சென்டருக்குப் போனார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். "இன்று நொய்யல்: 87, மயில் நீலம்." அதற்குக் கீழே, சாம்பிள் துணியில் போடுகிற வழக்கப்படி, தன் பெயரையும் தேதியையும் அடித்தார். 'ஓகே' மட்டும் எழுதவில்லை.