மண் போடாத குழிகள்

ஒசேலியாவைப் போலத் தீர்மானமான பெண்பிள்ளை டொமினிக்காவில் கிடையாது. தலையில் வாழைத்தாரோடு மலையிறங்கும்போது எதிரே போலீஸ் ஜீப் வந்தாலும் ஒதுங்க மாட்டாள். அவளையே 1962-ல் ஒரு ரேடியோச் செய்தி குழப்பிவிட்டது. இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரப்போகிறதாம்.

எங்கள் வாழைக்காய் இங்கிலாந்துக்குத்தான் போகும். அது சேர்ந்துவிட்டால் மார்த்தினிக் தீவின் காயும் அங்கே தடையில்லாமல் இறங்கும், நம் காயை யார் சீண்டுவார்கள் என்று கடையில் பேச்சு. மார்த்தினிக் பிரான்சின் தீவு, பிரான்ஸ் ஏற்கெனவே அந்தச் சந்தையில் இருந்தது. எங்களுக்கு அது கண்ணுக்கெட்டும் தூரம். ஒசேலியாவின் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒசேலியா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அதே மண்ணு, அதே மழை. அவ மட்டும் எப்படிடி உள்ள, நான் வெளிய?”

“அவளுக்குப் பிரான்சு, நமக்கு இங்கிலாந்து ராணி” என்றேன்.

“ராணி சேந்தா நாமளும் சேந்த மாதிரிதானே?”

எனக்குத் தெரியவில்லை. வாழைச் சங்கத்து ஆளைக் கேட்டோம். “சேரலாம், சேராமயும் போகலாம்” என்றார். இதைச் சொல்லவா அந்த மனிதர் மலையேறி வந்தார்?

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சரிவு நிலம், மூன்று பிள்ளைகள். வாழையைப் பிடுங்கிவிட்டுக் கொக்கோ வைப்பதென்று முடிவெடுத்தாள். கொக்கோ காய்க்க நாலைந்து வருடம் ஆகும்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை கூட்மென் வைத்தாள். அதில் கூலி கிடையாது. சாப்பாடும் ரம்மும் கொடுத்தால் ஊரே வந்து வேலை செய்யும். மத்தியானத்துக்குள் சரிவில் ஒரு வாழைகூட இல்லை, பொழுது சாய்வதற்குள் கொக்கோ நட்டாகிவிட்டது. பிடுங்கிய கன்றை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனோம். என் பங்கு பதினொன்று. அவள் பிடுங்கும்போது சரிதான் என்று தலையாட்டிவிட்டு, அதையே கொண்டுபோய் என் நிலத்தில் நட்டேன். ஏன் நட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஜனவரியில் பிரான்ஸ் முடியாது என்றுவிட்டது. இங்கிலாந்து சேரவில்லை.

ஒசேலியா என் தோட்டத்துக்கு வந்தாள். ஆளுயரம் வளர்ந்திருந்த தன் வாழைகளைப் பார்த்தாள்.

“அப்ப நான் எதுக்குடி பிடுங்கினேன்?”

வெட்கத்தில் என்னால் முகம் தூக்க முடியவில்லை. அவள் கன்றை அவளுக்கே திருப்பி நட்டுக் கொடுப்போம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நாங்களே சமைத்து எடுத்துக்கொண்டு, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கன்றோடு அவள் நிலத்துக்குப் போனோம். கொக்கோச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டிக் கன்றுகளை இறக்கினோம். மண் தள்ளப்போகும் நேரத்தில், மீன் பிடிக்கிற திபூர்ஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“இங்கிலாந்து சந்தையில சேர மறுபடி கேக்குமாம். சங்கத்து ஆள் சொன்னாரு.”

அவனை மண்வெட்டியாலேயே சாத்தியிருக்கலாம். எல்லோர் கையும் நின்றுவிட்டது.

“அக்கா, மூடவா வேண்டாமா?” என்று கேட்டேன்.

ஒசேலியா கொக்கோவைப் பார்த்தாள், வாழையைப் பார்த்தாள், கடலுக்கு அந்தப் பக்கம் தங்கையின் தீவைப் பார்த்தாள்.

“கன்னு உள்ளயே இருக்கட்டும்” என்றாள். “மண்ண மட்டும் போடாதீங்க.”