வெள்ளை பூத்த கறுப்புக் கார்

சென்ற வாரம் கட்டுகஸ்தோட்டையில், வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜ் ஒன்றுக்கு எதிரே பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. உள்ளே யாரோ ஒரு வேனுக்கு லெக்கர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த யாரோ ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் ஆழமாக மூச்சை இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாசனை எனக்கு ஓர் அறையின் வாசனை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

காலத்தை உறுதி செய்துகொள்ளாமல் எதையும் எழுத எனக்குக் கை வராது. இறக்குமதித் தடைகள் தளர்ந்து கண்டிக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் நிறைந்துவிட்டன. வீடுகளுக்குத் தொலைக்காட்சி இன்னும் வரவில்லை. ஆகவே எழுபதுகளின் கடைசி. நாவலப்பிட்டியிலிருந்து வந்து கண்டியில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேராதனை வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேலே வாடகை அறை. கூட இருந்தவர் யோகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. ஆறு மணிக்குமேல் பேச அந்த ஊரில் எனக்கு அவரைவிட்டால் ஆளில்லை. அவருக்கும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் அவருடைய கட்டிலில் ஒரு பெட்டி கிடந்தது. உள்ளே சட்டங்களில் ஒட்டியபடி பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் நாலு கதவுள்ள பழைய ஆங்கிலக் கார். லண்டனிலிருந்த அண்ணன் அனுப்பியிருந்தார். அந்த அண்ணனைக் கப்பலேற்றத்தான் வீட்டிலிருந்த அசல் காரை விற்றார்களாம். அதே கார், அதே கறுப்பு.

"அம்மாவுக்கு இப்ப நிழல்தான் தெரியுது. தொட்டுப் பாப்பா. அதுக்குத்தான்," என்றார் யோகன்.

அவருக்கு ஊருக்கு இடமாற்றம் வந்திருந்தது. மாத முடிவில் போக வேண்டும். அதற்குள் கார் தயாராக வேண்டும்.

ஒட்டுவதும் கறுப்புப் பூசுவதும் அவர் வேலை. ஜன்னல் விளிம்பிலும் கதவுப் பிடியிலும் பக்கவாட்டிலும் வெள்ளிக் கோடு இழுப்பது என் வேலை. அதற்கென்று ஒட்டும் வெள்ளித் தாள் தனியாக விற்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம், கண்டியில் கிடைக்கவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் பின்னாலிருக்கும் காகிதம் கழன்றுவிடும். எஞ்சுவது மூச்சு விட்டாலே பறந்துவிடும். எங்கள் இருவருக்குமோ சிகரெட் பழக்கம் இல்லை. கீழே கடை வைத்திருந்த அக்குறணைக்காரரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார்கள்; அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"குடிக்கிறதும் இல்ல, வெறும் பெட்டிய மட்டும் கேக்கிறீங்க. என்னத்துக்குத் தம்பி?"

"காருக்கு, நானா."

"கார் எங்க ஈக்கிது?"

"மேசையில."

"அப்ப பெட்ரோல் செலவு கொறவுதான்!" என்று அவர் சொன்னதும் கடை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நாங்கள் படியிறங்கினால், வண்டியை எடுத்துவிட்டோமா என்று கேட்காத ஆளில்லை.

விளிம்பில் மெல்லியதாக வார்னிஷ் தடவி, விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தாளை வைத்து, பஞ்சு சுற்றிய தீக்குச்சியால் நீவி, பாதி பிளேடால் ஓரத்தை வெட்ட வேண்டும். நான் வெட்டும்போது யோகன் பேச்சை நிறுத்தமாட்டார்.

"ஐசே, உம்மட கை என்ன, பரீட்சை எழுதிற மாதிரி நடுங்குது?"

"நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டா நடுங்காது."

"வாயை மூடினா உமக்கு நித்திரை வந்திடும்."

எதை முதலில் செய்வது என்பதிலும் தகராறு. மேலே நிறமில்லாத கிளியர் லெக்கர் அடித்தால் வெள்ளியின் பளபளப்புச் செத்துவிடும், லெக்கர் முதலில், தாள் பிறகு என்பது அவர் கட்சி. எனக்கோ அந்த அம்மாவின் விரல்தான் கண்முன் நின்றது. "நகம் பட்டா தாள் உரிஞ்சி வந்திருங்க. மேல லெக்கர் போட்டாத்தான் ஓரம் அமுங்கும்." யோகன் தன் நகத்தை விளிம்பில் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்," என்றார்.

அது ஐப்பசி. கண்டியில் ஐப்பசி என்றால் மத்தியானத்துக்குமேல் மலை தெரியாது. போட்ட சட்டை காயாது. வெயிலுக்காகக் காத்திருந்தோம், வரவில்லை. அவர் போவதற்கு முதல்நாள் மாலை, மழை சற்று ஓய்ந்த இடைவெளியில், சென்ட் போத்தலின் விசிறும் மூடியால் பனி போல லெக்கரை அடித்தேன். அறை முழுக்க அந்த வாசனை. கார் ஈரமாக மின்னியது. யோகன் கைதட்டினார்.

காயக் காயக் கறுப்பின் மேல் பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மை பூத்தது. ஈரக் காற்றில் லெக்கர் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக் கோடுகள் மூடுபனிக்குள் போய்விட்டன. பல்பின் சூட்டில் காட்டினோம், அசையவில்லை. கீழே இறங்கிப் போய் நானாவுக்குத் தெரிந்த ஒரு கராஜ்காரரைக் கேட்டோம். நல்ல வெயில் நாளில் தின்னரை மெல்ல விசிறினால் தெளியும் என்றார்.

"விட்டுட்டுப் போங்க," என்றேன். "வெயில் வந்ததும் சரி பண்ணி வைக்கிறேன். நீங்க ஒருதரம் வந்து எடுத்துக்கிட்டுப் போகலாம்."

வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்ற அந்தக் கடைசி வார்த்தைகளுக்காகத்தான் முதல் வார்த்தைகளைச் சொன்னேன் என்பது அவருக்கும் விளங்கியிருக்கும். ஜன்னலோரம் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி, பெருவிரலை ஜன்னல் விளிம்பில் முன்னிருந்து பின்னுக்கு ஓட்டினார். ஓரிடத்திலும் தடக்கவில்லை.

"வெள்ளை பூத்தது அம்மாவுக்குத் தெரியாது ஐசே. விரலுக்குச் சரியா இருந்தாக் காணும்," என்றார்.

மறுநாள் காலை யாழ்ப்பாண பஸ்ஸில், மடியில் கார் வைத்த சப்பாத்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "வாறன் என்ன," என்றார். போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவருடைய வங்கியில் வேலை பார்த்த ஒருவர் சில வாரங்கள் கழித்துச் செய்தி கொண்டுவந்தார். அம்மா காரை மடியில் வைத்து நெடுநேரம் தடவினாராம். அசல் காரில் பின் ஆசனத்தில் இடப்பக்கம் அவருடைய இடமாம். கடைசியில், "எல்லாம் சரி. பின் கதவுப் பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் கீழ எல்லோ இருந்தது?" என்றாராம். பிளாஸ்டிக்கை வார்த்த அச்சில் வந்த பிழையோ, நான் தாளை மேலேற்றி ஒட்டிய பிழையோ, இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பினால் யோகனின் கட்டிலில் ஆளில்லை.

பிறகு போரில் யாழ்ப்பாணப் பாதை மூடிய ஆண்டுகள் வந்தன. செய்தி நின்றது. அவர் கடல் கடந்து போனார் என்றார்கள். எந்த நாடு என்பதில் ஆளுக்கொரு பேச்சு. கடை இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. நானா காலமாகிவிட்டார். அந்த மாதிரி அசல் காரை வீதியில் பார்த்தே வெகுகாலமாகிறது.

ஓய்வு பெற்றபின் அதே பிளாஸ்டிக் காரின் பெட்டி ஒன்றைத் தேடி வரவழைத்தேன். ஒட்டும் வெள்ளித் தாள் சுருளாகவே வருகிறது. கிளியர் லெக்கர் டின்னில் வருகிறது, அமுக்கினால் போதும். தை மாத வெயிலில் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அன்று மாலை மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பின் கதவைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது. பிடி உயரமா, பதிவா என்று என் விரலுக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை.