தீப்பெட்டி மேல் இருந்த முகம்

காலை ஆறரைக்குக் கோவில்பட்டியில் வண்டியை எடுத்தோம். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசியவன் நான். இன்று என் தீப்பெட்டி ஆலையில் நூற்றிருபது பேர் வேலை பார்க்கிறார்கள். என் பெட்டி கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போகிறது. இதை வண்டியில் ஏறியதுமே விருந்தாளியிடம் சொல்லிவிட்டேன்.

விருந்தாளி பெயர் டெனிஸ். அமெரிக்காவில் என் மகள் செல்வியோடு ஒரே அலுவலகத்தில் வேலை. கறுப்பினப் பெண். பிப்ரவரியில் அவர்கள் ஊரில் தங்கள் வரலாற்றைக் கொண்டாடுவார்களாம். மேடை, மாலை எல்லாம் இரண்டாம்பட்சம். மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்வார்கள், தங்கள் ஆட்கள் நடத்தும் கடையாகத் தேடிப் போய்ச் சாமான் வாங்குவார்கள், முன்னோர் நின்ற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். இந்த வருடம் அந்த மாதத்தில் இங்கே இருப்பதால், வெள்ளைக்காரனை எதிர்த்தவர்களின் இடங்களைப் பார்க்க வேண்டும் என்றார். செல்விதான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

“நானும் ஒங்க சனத்துக்கு ஒரு மரியாதை செஞ்சிருக்கேன். கயத்தாத்துல காட்டுதேன்” என்றேன்.

மீட்டர்படி இருபத்துநான்கு கிலோமீட்டர். ஏழேகாலுக்குக் கயத்தாறு. பாளையக்காரரைத் தூக்கிலிட்ட இடத்தில் டெனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு சாலையோரக் கடையில் தேநீர், ஒன்று பன்னிரண்டு ரூபாய். அங்கே வைத்துத்தான் அந்தத் தீப்பெட்டிக் கட்டைக் கொடுத்தேன்.

‘கருப்பு ராஜா’ மார்க். ஒன்பது வருடமாக ஓடுகிற லேபிள். தலையில் கிரீடம், தடித்த சிவப்பு உதடு, உருட்டி விழிக்கும் கண், காதுவரை பல். டெனிஸ் பார்த்தார். கட்டைத் திருப்பி, படம் கீழே இருக்கும்படி பெஞ்சில் வைத்தார். ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுதாவ? சொல்லு ஏட்டி.”

“அவிய ஊர்ல முந்தி சோப்பு, பல்பொடி டப்பாவுலல்லாம் இதே மாதிரி மூஞ்சி போட்டிருப்பாவளாம். அவிய அப்பா கடைக்குப் போனா, யாரும் பாக்காதப்ப அதைத் திருப்பி வச்சுட்டு வருவாராம்.”

“கிரீடம்லாம் வச்சிருக்கேன்லா! இது மரியாதைம்மா!”

“யாரு மூஞ்சின்னு கேக்காவ.”

இதற்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் குஷி. வெளியூர் வியாபாரி யார் வந்தாலும் காட்டுகிற வேடிக்கை அது. படம் வரைந்தவர் ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றபோது, என் டிரைவர் சுடலையைத்தான் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“ஏலே சுடலை, இங்கன வா. சிரி பாப்போம்.”

வந்தான். பெட்டியை அவன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தேன். வழக்கம்போலப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். வழக்கமாக வியாபாரிகள் சிரிப்பார்கள். டெனிஸ் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அவனிடமே கேட்டார். செல்வி சொன்னாள்: “ஒங்களுக்கு இது பிடிச்சிருக்கான்னு கேக்காவண்ணே.”

அவன் என்னைப் பார்த்தான். “மொதலாளி வச்சது. நல்லாத்தான் இருக்கு.”

டெனிஸ் உட்காரவில்லை. காத்துக்கொண்டே நின்றார்.

“எம் மவ பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீயன்னுட்டா, தாயி. கூடப் படிக்க பிள்ளையல்லாம் பெட்டியக் காட்டிச் சிரிக்குதுவளாம். மூணு வருசமா மீட்டிங்குக்கு எம் மச்சினந்தான் போறான்.”

அந்தப் பள்ளிக்கூடத்தை எனக்குத் தெரியும். போன ஆண்டுவிழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். சுடலை மகளுக்குக் கணக்கில் முதல் பரிசு. மேடையில் என் கையால்தான் கொடுத்தேன். இவன் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தான். வண்டிக்குக் காவல் இருக்கிறான், பொறுப்பான பயல் என்று மைக்கில் புகழ்ந்தேன். உள்ளே அவன் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

ஒன்பதேகாலுக்குப் பாஞ்சாலங்குறிச்சி. வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது, பருத்தி வெள்ளையாய் நின்றது. வேறெதுவும் என் மனதில் ஏறவில்லை. கோட்டை வாசலில் நான் வேப்பமர நிழலில் நின்றுவிட்டேன். டெனிஸும் செல்வியும் சுடலையோடு உள்ளே போய், என் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்கள். அவன் தகப்பன் பெயர், பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன பாடுபட்டார் என்று டெனிஸ் கேட்கக் கேட்க அவன் சொன்னதெல்லாம் அவர் செல்போனில் பதிவானது. இருபத்திரண்டு வருடம் என் வண்டியை ஓட்டுகிறவன். அவன் தகப்பன் பெயரை அன்றைக்குத்தான், அதுவும் தூரத்தில் நின்று, கேட்டேன்.

திரும்பும்போது ஆலைக்குப் போன் போட்டேன்.

“கருப்பு ராஜா லேபிள் இனி ஒட்டக் கூடாது.”

“ஏன் அண்ணாச்சி? நல்லாத்தான போகுது?” என்றார் மேஸ்திரி.

“ஒட்டாதேன்னா ஒட்டாத. கடைகள்ல கெடக்கதையும் திருப்பி எடுங்க.”

சுடலை காதிலும் விழுந்தது. சாலையையே பார்த்து ஓட்டினான்.

“ஏம்லே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சிரிக்கச் சொன்னீய, சிரிச்சேன் மொதலாளி.”

பகல் ஒன்றரைக்கு வீட்டு வாசல். டெனிஸ் சுடலையிடம் கை நீட்டினார். அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். அவர்கள் உள்ளே போனபின், “மன்னிச்சுக்கோ சுடலை” என்றேன். அறுபத்தெட்டு வயதில் அந்த வார்த்தை எனக்குப் புதுசு. சரியாக வாயில் வரவில்லை.

“விடுங்க மொதலாளி” என்று கண்ணாடியைத் துடைத்தான். பிறகு, “வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல மீட்டிங். அரைநாள் லீவு வேணும். லேபிளை நிப்பாட்டியாச்சுன்னு மவகிட்டச் சொல்லிக் கேட்டுப் பாக்கேன்” என்றான்.

“முழுநாளும் எடுத்துக்கோ” என்றேன். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். வாங்கப்பா என்று சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை.