அப்பாவுக்கு ஏற்ற இங்கிலீஷ்

போடியில் ஒரு ஏலக்காய் ஏற்றுமதிக் கடையில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவது என் வேலை. நல்ல இங்கிலீஷ் என்றால் அதில் நாலு மரபுத்தொடராவது இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்சி. தேனி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புத்தகம் ஒன்றை என் மேஜையில் வைத்தார். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் தமிழில் பொருள். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிகச் சுலபம். ‘அண்டர் தி வெதர்’ என்றால் உடம்புக்குச் சுகமில்லை. நானும் மெயிலுக்கு மெயில் தாளித்துக் கொட்டினேன். லண்டனில் எங்களிடம் சரக்கு வாங்கும் பெரியவர் ஒருவர் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘நன்றி, புரிந்தது’ என்றே பதில் போடுவார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது போல என்றார் முதலாளி.

போன வருஷம் அப்பா தவறிவிட்டார். திராட்சைக்கு மருந்தடிக்கப் போனவர் பந்தலுக்கடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் மூத்தவன். சாமியானா, நாற்காலி, தண்ணீர் கேன், வருசநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி என்று அலைந்ததில் எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தால், ஏன் பதிலே இல்லை என்று லண்டன் பெரியவரின் மெயில் காத்திருந்தது. எங்கள் பக்கம் பெற்ற தகப்பனைச் செத்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாவதெல்லாம் ஆடு மாடு. மனிதர்கள் ‘தவறிட்டாக’, ‘காலமாகிட்டாக’. இங்கிலீஷிலும் வெறும் ‘டைட்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். ‘கிக் தி பக்கெட்’. பொருள்: இறந்துபோதல். சுற்றி வளைத்துச் சொல்வதுதானே மரியாதை என்று அதையே எழுதி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. அதுவரை போனே பண்ணாத மனிதர். நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: “உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஆகாதா?”

ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். அந்தத் தொடரை யார், எப்போது சொல்வார்கள் என்று பொறுமையாக விளக்கினார். எங்கப்பன் மண்டையைப் போட்டுட்டான் என்று நான் லண்டனுக்கே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும், அவர் புத்தகத்தை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வேறு எப்படித்தான் சொல்வது என்று பெரியவரிடமே கேட்டேன். நேராகச் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்றார்.

“மை ஃபாதர் இஸ் டெட்” என்றேன். அவர்மேல் எனக்கு உயிர் என்பதையும் இங்கிலீஷிலேயே சொன்னேன். அப்பா இருந்தவரை தமிழில் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன்.

முதலாளி போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“அழுதுருங்க தம்பி. அவுக போனை வைக்காமத்தான் இருக்காக.”